குப்புறவும் தலைகீழும் ஒரே பிடியில்

500 குதிப்புகளை முடித்த ஒருவர் கலப்புக் கோலமொன்றில் இடம்பெறத் தகுதியானவரா? 'ஆம்' என்றாலும் தவறு, 'இல்லை' என்றாலும் தவறு. கேட்ட முறையே சரியில்லை. வான்குதிப்பில் தகுதியைக் குதிப்பின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எல்லாரும் குப்புறப் பறந்த காலத்தில் அது ஓரளவு நியாயமாகவே வேலை செய்தது. இன்று குப்புறப் பறப்பவரும், தலைகீழாகப் பாய்பவரும், குந்தியபடி விழுபவரும் ஒரே பிடியில் இணைய முயல்கிறார்கள். இந்தக் கலப்புக் கோலங்களின் முன் பழைய அளவுகோல் குட்டையாகிவிட்டது. புதியது எதுவாக இருக்க வேண்டும் என்பதை, கிடைக்கும் அளவுகோல் ஒவ்வொன்றையும் தராசில் இட்டே முடிவு செய்ய வேண்டும்.

உடலின் நான்கு நிலைகளுக்கும் தமிழில் வீட்டுச் சொற்களே உண்டு: குப்புற, மல்லாக்க, குந்தியபடி, தலைகீழாக. குப்புறப் பறக்கையில் காற்று உடலின் முழுப் பரப்பிலும் மோதுகிறது. குந்திய நிலையில் பாதமும் தொடையும் முதுகும் காற்றை வாங்குகின்றன. தலைகீழ் நிலையில் தலைக்கவசமும் தோளும் காற்றைக் கிழிக்க, கால்கள் மேலே சுக்கானாக நிற்கின்றன. ஒரே நிலையில் இருப்பவர்கள் கைப்பிடி சேர்ந்தால் அது வழமையான கோலம். வெவ்வேறு நிலைகளில் இருப்பவர்கள் சேர்ந்தால் கலப்புக் கோலம். குதிப்பாளர் பேச்சில் 'ஹைபிரிட்'. அதன் பழகிய அமைப்பு ஒன்று உண்டு. மூவரோ நால்வரோ குப்புறப் பறந்து வளையமாகத் தளம் அமைப்பார்கள். வளையத்தின் நடுவே ஒருவர் அவர்களுடைய மார்புப் பட்டிகளைப் பிடித்துக்கொண்டு கால் கீழாகத் தொங்குவார். தலைகீழாக வருபவர்கள் வளையத்தின் விளிம்பில் வந்து பிடி சேர்வார்கள்.

இந்த அமைப்பின் சிக்கல் முழுவதும் வேகத்தில் இருக்கிறது. குப்புற விழுபவரின் நிலைவேகம், அதாவது எட்டிய பின் மேலும் கூடாத வீழ்ச்சி வேகம், மணிக்குச் சுமார் 190 கிலோமீற்றர். தலைகீழாக விழுபவர் சாதாரணமாகவே 250, 260ஐத் தொடுவார். நிலைவேகத்தின் வர்க்கம் உடலின் எடைக்கு நேர்விகிதத்திலும் காற்றுத்தடைக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. 190க்கும் 260க்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 1.9 வரும். அதாவது ஒரே எடையுள்ள இருவரில் குப்புறப் பறப்பவர் மற்றவரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றைத் தடுக்கிறார். இந்த இரண்டு மடங்கை அழித்துச் சமன் செய்யாமல் பிடி சேர முடியாது. கலப்புக் கோலத்தின் கலை, திறன், ஆபத்து ஆகிய மூன்றும் இந்தக் கணக்கிலிருந்தே கிளைக்கின்றன.

சமன் செய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது எடைப் பட்டி. 80 கிலோ உள்ள ஒருவர் 5 கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டால் வேகம் 3 விழுக்காடு கூடும். 190 என்பது 196 ஆகும். உதவிதான், தீர்வு ஆகாது. இரண்டாவது உடை. குப்புறப் பறப்பவர் இறுக்கமான உடையணிந்து தடையைக் குறைக்கலாம். தலைகீழாக வருபவர் தளர்ந்த உடையால் தடையைக் கூட்டலாம். மூன்றாவது, நடுவில் தொங்குபவர். அழகுக்காக அவரை அங்கே வைப்பதாக நினைப்பவர்கள் அமைப்பைப் புரிந்துகொள்ளவில்லை. அவர்தான் கோலத்தின் எஞ்சின். தலைக்கு 80 கிலோ என்று கொள்வோம். மூவர் தளத்தில் ஒருவர் தொங்கினால், தடையைச் சற்றும் கூட்டாமல் அவருடைய எடை மட்டும் சேர்கிறது என்று கணக்கிட்டால், வேகம் 190இலிருந்து 219 ஆகும். நால்வர் தளத்தில் அதே ஒருவர் தொங்கினால் 212தான் வரும். நடைமுறையில் இரண்டுமே சற்றுக் குறையும். தளம் விரிய விரியத் தொங்குபவரின் பயன் மெலிகிறது. பெரிய தளம் பார்வைக்குக் கம்பீரம்; வேகக் கணக்கில் நட்டம். நல்ல கோலம் இந்த இரண்டையும் எடை போட்டு வடிவமைக்கப்படுகிறது.

எஞ்சிய இடைவெளியைத் தலைகீழாக வருபவர் தம் உடலால் நிரப்ப வேண்டும். கால்களை அகட்டி, கைகளை விரித்து, மார்பைக் காற்றுக்குக் கொடுத்து, தம் இயல்பான வேகத்திலிருந்து மணிக்கு 30, 40 கிலோமீற்றரை இறக்க வேண்டும். இறக்கிய பின்பும் தலைகீழ் நிலை குலையக் கூடாது. வேகமாகத் தலைகீழாக விழுவதை ஒரு பருவத்தில் கற்கலாம். மெதுவாகத் தலைகீழாக விழுவதற்கு ஆண்டுகள் வேண்டும். கலப்புக் கோலம் சோதிப்பது இந்த இரண்டாவதை.

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களை அறிந்தவர்களுக்கு, வெவ்வேறு வேகங்கள் ஒன்றுசேரும் இந்த ஒழுங்கு அந்நியமானதன்று. இரண்டாம் குறுக்குத் தெருவில் மூட்டை நிறைந்த கைவண்டியைத் தள்ளிவரும் நாட்டாமைமாரும், துணிக்கடை வாசலில் விலை கேட்டு நிற்பவர்களும், முச்சக்கர வண்டிகளும் ஒரே ஒடுக்கத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்கிறார்கள். அங்கே மெதுவாக நடப்பவரால் ஆபத்து இல்லை. வண்டிக்காரர் அவரைத் தூரத்திலேயே கண்டு கணக்குப் போட்டுவிடுகிறார். வண்டியின் வேகத்தோடு நடந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிற்பவரால்தான் ஆபத்து. பாரம் ஏற்றிய வண்டி சொன்ன கணத்தில் நிற்காது. வானத்திலும் விதி இதுவே. கலப்புக் கோலத்தில் நிகழும் மிகக் கொடிய தவறு எது என்று கேட்டால் அனுபவசாலிகள் திடீர் நிறுத்தத்தையே சொல்வார்கள். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இனி அளவுகோல்களைத் தராசில் இடுவோம். முதல் அளவுகோல் எண்ணிக்கை. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் உரிம வரிசை உலகெங்கும் அறியப்பட்டது: 'ஏ' உரிமத்துக்கு 25 குதிப்பு, 'பி'க்கு 50, 'சி'க்கு 200, 'டி'க்கு 500. இதன் தகைமை மறுக்க முடியாதது. எண்ணிக்கையைப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். நட்புக்கோ முகத்துக்கோ அது வளைந்து கொடுக்காது. விமானத்திலிருந்து வெளியேறுதல், உயர உணர்வு, பரசூட்டைக் கையாளுதல், அவசரத்தில் பதறாமை ஆகியவை திரும்பத் திரும்பச் செய்வதாலேயே படிகின்றன. குறையும் அதே அளவு வெளிப்படை. தலைகீழ் நிலையில் கட்டுப்பாடு என்பது இந்த உரிமங்கள் எதற்கும் நிபந்தனை அன்று. 500 குதிப்பையும் குப்புறவே முடித்தவரும், அவற்றில் 300ஐத் தலைகீழாகச் செய்தவரும் ஒரே 'டி' உரிமத்தை வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை, ஒருவர் வானத்தோடு எவ்வளவு காலம் பழகினார் என்பதைச் சொல்கிறது. எந்த நிலையில், எந்த வேகத்தில், எவ்வளவு நெருக்கத்தில் பழகினார் என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு கோணத்திலும் எண்ணிக்கை தடுமாறுகிறது. புனேயைச் சேர்ந்த சீதல் மகாஜன் தம் வாழ்நாளின் முதல் குதிப்பையே 2004 ஏப்ரல் 18ஆம் திகதி வட துருவத்தில் செய்தார். எண்ணிக்கையால் அளந்தால் அது 'ஒன்று'. துணிவால் அளந்தால் பல நூறு பதிவேடுகளுக்கு மேல் நிற்பது. அவருக்கு முன்பே, 2002இல், ரேச்சல் தோமஸ் வட துருவத்தில் குதித்திருந்தார். இருவரும் இந்தியாவின் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவர்கள். அந்தச் சிறப்பு முழுவதும் நியாயமானது. ஆயினும் அவை தனி உடலின் சாதனைகள். குளிரும் தொலைவும் அச்சமும் அங்கே எதிரிகள். கலப்புக் கோலத்தில் எதிரி நம் பக்கத்தில் பறப்பவருக்கும் நமக்கும் உள்ள வேக வேறுபாடு. ஒரு வகைச் சாதனையின் அளவுகோலை இன்னொன்றின் மேல் வைப்பது இரண்டுக்குமே அநீதி.

இரண்டாவது அளவுகோல் காற்றுச் சுரங்கத்தில் கழித்த மணிகள். செங்குத்துக் குழாயில் மேல்நோக்கி வீசும் காற்றில் மிதந்து பயிலும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் வான்குதிப்பின் முகத்தையே மாற்றிவிட்டது. 13,000 அடியிலிருந்து ஒருமுறை குதித்தால் கிடைக்கும் தடையற்ற வீழ்ச்சி ஒரு நிமிடத்தை எட்டுவதே அரிது. சுரங்கத்தில் ஒரு மணி நேரம் பறந்தவர் அறுபது குதிப்புகளுக்கு இணையான நேரத்தைக் காற்றில் செலவிட்டவர். பயிற்றுநர் கையெட்டும் தூரத்தில் நின்று தோளைத் திருத்துகிறார். தவறு அந்தக் கணத்திலேயே தெரிகிறது. தலைகீழாக மெதுவாகப் பறக்கும் நுட்பத்தைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பள்ளியின் சுவர்கள் நெருக்கமானவை. பரவலாக உள்ள சுரங்கங்களின் விட்டம் 14 அடி, அதாவது நாலேகால் மீற்றர். அதற்குள் எவரும் 100 மீற்றர் தூரத்திலிருந்து ஒரு கோலத்தை நோக்கி வரவும் முடியாது, வந்து வேகத்தைக் கொன்று நிற்கவும் முடியாது. அணுகுதலும் நிறுத்துதலும் கலப்புக் கோலத்தின் பாதித் திறன். சுரங்கத்தில் வெளியேற்றம் இல்லை, உயரம் குறைவதில்லை, பிரிந்து ஓடுதல் இல்லை, பரசூட் விரிவதில்லை. காற்றுச் சுரங்கம் உடலுக்கு இலக்கணம் கற்பிக்கிறது; உரையாடலை வானத்தில்தான் கற்க வேண்டும். சுரங்கத்தில் வளர்ந்து, வானத்தில் 100 குதிப்பை எட்டாத இளைஞர்களின் நேர்த்தி கண்ணைக் கவர்வது. அந்த நேர்த்தியைத் தகுதி என்று மயங்குவது இன்றைய வான்குதிப்பின் பெரிய மதிப்பீட்டுத் தவறு.

மூன்றாவது அளவுகோல் போட்டிப் புள்ளி. உலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகள் நேர்த்தியானவை. நால்வர் குப்புறப் போட்டிக்கும், தலைகீழாகவும் குந்தியபடியும் பறக்கும் நால்வர் செங்குத்துப் போட்டிக்கும் செயல்நேரம் ஒரே 35 விநாடி. முன்னதற்கு வெளியேறும் உயரம் 10,500 அடி. பின்னதற்கு 13,000 அடி. கூடுதல் 2,500 அடி ஏன் என்பதை வேகக் கணக்கே சொல்லிவிடுகிறது. நடுவர்கள் காணொளியைப் பார்த்து, ஒவ்வொரு பிடியும் முழுமையானதா என்று தீர்க்கிறார்கள். இங்கே புகழுக்கு இடமில்லை, பிடிக்கே இடம். இத்தகைய புறநிலைத் தன்மை மற்றக் கலைகளின் திறனாய்வாளர்களுக்கு வாய்க்காத வரம்.

குறை என்னவென்றால், இந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை ஒரே வேகக் குடும்பத்துக்குள் நடப்பவை. குப்புறப் போட்டியில் வென்றவர் 190க்கும் 200க்கும் இடையே ஒரு குறுகிய பட்டையில் அற்புதமாகப் பறப்பவர். செங்குத்துப் போட்டியில் வென்றவர் அதற்கு மேலேயுள்ள இன்னொரு பட்டையில் அரசர். கலப்புக் கோலம் கேட்பது இரு பட்டைகளுக்கும் இடையே கிடக்கும், எவருக்கும் இயல்பல்லாத, மணிக்கு 210ஐ ஒட்டிய நடுநிலத்தை. அமெரிக்காவில் இருவர் பல நிலைகளில் மாறி மாறிப் பிடி சேரும் கலப்புப் போட்டி ஒன்று உண்டு. நிலை மாற்றத்தை நேரடியாகச் சோதிப்பதால் நம் தேவைக்கு மிக அருகில் வருவது அதுவே. அங்கும் இருவரும் சேர்ந்தே நிலை மாறுகிறார்கள். கனத்த தளமும் அதை நோக்கித் தொலைவிலிருந்து வரும் அணுகுதலும் அதில் இல்லை.

சாதனைக் கோலங்களின் எண்கள் நான்காவது அளவுகோல். 2006 பெப்ரவரி 8ஆம் திகதி தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் குப்புறப் பறந்து ஒரே கோலம் அமைத்தார்கள். 2015 ஜூலை 31ஆம் திகதி இலினோய் மாநிலத்தின் ஒட்டாவாவில் 164 பேர் தலைகீழாகப் பிடி சேர்ந்தார்கள். இரண்டும் ஒழுங்கமைப்பின் மகத்தான சான்றுகள். ஒவ்வொருவரும் தம் இடத்துக்குச் சரியான விநாடியில் வந்து சேர்ந்ததால் மட்டுமே நிகழ்ந்தவை. ஆனால் அவை ஒருமையின் சாதனைகள். எல்லாரும் ஒரே நிலையில் இருக்கும்போது அளவைக் கூட்டுவது ஒரு சவால். நிலைகள் வேறுபடும்போது ஒற்றுமையைக் காப்பது இன்னொரு சவால். கலப்புக் கோலத்தில் பத்துப் பேர் கட்டுப்பாட்டோடு சேர்வதன் பெறுமதியை 164க்குப் பக்கத்தில் வைத்து 10 என்று வாசிப்பவர், வெண்பாவின் பெறுமதியை வரியெண்ணிக்கையால் மதிப்பவர்.

எஞ்சுவது ஒழுங்கமைப்பாளரின் கண். நடைமுறையில் கலப்புக் கோலங்களுக்கு ஆள் தெரிவாவது இப்படித்தான்: அனுபவமுள்ள ஒருவர் முன்னைய குதிப்புகளைப் பார்த்து, 'நீர் வாரும்' என்கிறார் அல்லது பேசாமல் விடுகிறார். இதன் வலிமை நுணுக்கம். உரிமத்தில் பதிய முடியாத பொறுமையை, தன் இடம் காலியாகும் வரை காத்திருக்கும் பண்பை, பிடி கிடைக்காது என்று தெரிந்ததும் விலகும் துணிவை இந்தக் கண் காண்கிறது. இதன் பலவீனம் மறைவு. காரணம் சொல்லாத தெரிவு நட்புக்கும் பழக்கத்துக்கும் எளிதில் இரையாகும். புதிதாக வருபவருக்குத் தாம் ஏன் மறுக்கப்பட்டோம் என்பது தெரியாமல் போனால் அவர் எதைத் திருத்துவார்? நல்ல தீர்ப்புக்குக் காரணமும் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் விருப்பம்.

முதல் நான்கையும் புறத்தே நின்று பார்த்த அளவுகோல்கள் என்று கொண்டால், நான்காலும் பிடிபடாமல் நழுவுவது ஒன்றே: ஒருவர் தவறும்போது என்ன ஆகிறது என்பது. எண்ணிக்கையும் மணிகளும் புள்ளிகளும் சாதனைகளும் வெற்றியைப் பதிவு செய்கின்றன. ஒழுங்கமைப்பாளரின் கண் ஒன்றே தோல்வியையும் பார்க்கிறது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறது. கலப்புக் கோலத்தின் தகுதியோ தோல்வியில்தான் தீர்மானமாகிறது.

தலைகீழாகப் பறப்பவர் ஒருவர் நிலை குலைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயத்தில் உடல் தனக்குப் பழகிய முதல் நிலைக்கு ஓடும். பெரும்பாலோருக்கு அது குப்புற. கணப்பொழுதில் காற்றுத்தடை இரட்டிப்பாகி, 260இல் வந்தவர் 190ஐ நோக்கி வேகம் இழக்கிறார். தண்ணீருக்குள் அமுக்கி விட்ட தக்கை மேலே துள்ளுவதுபோல், மற்றவர்களின் பார்வையில் அவர் மேல்நோக்கிப் பாய்கிறார். குதிப்பாளர்கள் இதைத் தக்கை என்ற பொருளிலேயே 'கோர்க்' என்கிறார்கள். இந்த வேறுபாடு விநாடிக்கு ஏறத்தாழ 19 மீற்றர். அவருக்கு மேலே இருபது மீற்றரில் இருப்பவருக்குத் தப்பக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடி. குறுக்குத் தெருவில் கைவண்டிக்கு முன்னால் திடீரென்று நின்றவர் இவர்தான்.

தேர்ந்தவரும் நிலை தவறுவார். வேறுபாடு, அவர் தவறும் விதத்தில். அவர் உடலை விரிக்க மாட்டார். முழங்காலை மார்புக்கு இழுத்துப் பந்தாகச் சுருண்டோ, குந்திய நிலைக்கு மாறியோ, வேகத்தைக் காத்துக்கொண்டு, மேலே எவரும் இல்லையென்று பார்த்துப் பக்கவாட்டில் விலகுவார். தமிழில் பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் உயிர்தப்பி வாழ்தல். இந்த விளையாட்டில் அந்த இரு பொருளும் ஒரே அசைவில் சந்திக்கின்றன. பிழைக்கையில் பிழைக்கத் தெரிந்திருப்பது, தம்மையும் தமக்கு மேலிருப்பவரையும் காப்பது, கலப்புக் கோலத்தின் முதல் தகுதி. இது நூறு குதிப்பில் கைகூடலாம். ஆயிரத்திலும் கைகூடாமல் போகலாம்.

இரண்டாவது தகுதி வீச்சு. தம் நிலையிலேயே நின்று வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே கேள்வி. குப்புறப் பறப்பவருக்கும் இது பொருந்தும். தளத்தில் இருப்பவர்கள் சும்மா கிடப்பவர்கள் என்பது பரவலான தவறான எண்ணம். நடுவில் தொங்குபவரின் இழுப்பை அவர்கள் சமமாகப் பகிர வேண்டும். ஒரு தோள் தாழ்ந்தாலும் வளையம் சுழலத் தொடங்கும். சுழலும் தளத்தில் தலைகீழாக வருபவர் பிடி சேர முடியாது. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் எல்லாரும் இழுக்கிறார்கள். தேர் நேரே போவது இருபுறமும் ஒரே அளவு இழுப்பதால்தான். தளத்தில் அமைதியாகப் பறந்தவரைப் படத்தில் எவரும் புகழ்வதில்லை. கோலம் நின்றது அவரால்.

மூன்றாவது தகுதி நிற்றல். கோலத்தை நோக்கி வருவதை எல்லாரும் செய்வார்கள். அதன் பக்கத்தில், அதே மட்டத்தில், கையெட்டும் தூரத்தில், தொடாமல் நிற்பது கடினம். நின்ற பின்பே பிடிக்க வேண்டும்; பிடித்து நிற்க முயல்பவர் தம் எஞ்சிய வேகத்தைத் தளத்தின் மேல் கொட்டுகிறார். குப்புற விழும் ஒவ்வொருவருக்கும் மேலே கலங்கிய காற்றின் நிழல் ஒன்று எழுகிறது. அதற்குள் கால் வைத்த செங்குத்துப் பறப்பாளர் தாங்கலை இழந்து தளத்தின் மேலேயே விழுவார். ஆகவே வரும் பாதை எப்போதும் பக்கவாட்டில் இருக்க வேண்டும்; மேலிருந்து வருதல் மன்னிக்க முடியாத தவறு.

நான்காவது தகுதி கால உணர்வு. குப்புற விழுகையில் 1,000 அடி கடக்க ஏறத்தாழ 5.8 விநாடி, மணிக்கு 260இல் தலைகீழாக விழுகையில் 4.2. ஆறாயிரம் அடியில் இந்த வித்தியாசம் ஒன்பது விநாடிக்கு மேல் திரண்டுவிடும். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் எந்த நிலையில் பழகியதோ அந்த நிலைக்கே சரியாக ஓடும். ஆறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ உள்ள குழு, மிக உயரத்தில் விரிப்பவரின் உயரத்துக்கு 2,000 அடி மேலேயே பிரிய வேண்டும் என்பது அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் பரிந்துரை; ஐவர் வரை 1,500 அடி. 3,500 அடியில் விரிப்பதாக இருந்தால் ஆறு பேர் 5,500இல் பிரிகிறார்கள். 13,000இலிருந்து கணக்கிட்டால் கையில் இருப்பது நாற்பது விநாடி சொச்சம். அதில் முதல் பத்து விநாடி வெளியேற்றத்துக்கும் வேகம் பிடிப்பதற்கும் போய்விடும். பிரிந்த பின்பும் செங்குத்தாக வந்தவர் தம் மிகைவேகத்தைத் தட்டையாக ஓடிக் கரைக்க வேண்டும்; கரைக்காமல் பரசூட்டை விரித்தால் அந்த அதிர்ச்சியே காயம் செய்யும். பரசூட் பெட்டியின் ஊசி மூடியும் கால்பட்டிகளும் தளராமல் இருக்க வேண்டியதும் இதனால்தான். 260இல் தானே திறந்துகொள்ளும் பரசூட் எந்தத் திறனையும் மதிப்பதில்லை.

கொழும்பிலிருந்து இதை மதிப்பிடுபவருக்குக் கண்முன் கிடைக்கும் சான்று வேறு வகையானது. இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4இல் காலிமுகத்திடலில் பரசூட் வீரர்கள் கொடியோடு இறங்குவதைப் புறக்கோட்டையிலிருந்து நடந்துபோய்ப் பார்த்திருக்கிறோம். அவர்கள் காட்டுவது விரிந்த பரசூட்டைக் குறித்த இடத்தில் இறக்கும் துல்லியம். கடற்காற்றில் அது எளிதன்று. 2024 ஜனவரி இறுதியில் நடந்த ஒத்திகையில் பரசூட்கள் வானில் மோதி நால்வர் காயமடைந்தார்கள். விரிந்த பரசூட்டின் கீழ், பட்டப்பகலில், பயிற்சி பெற்றவர்களிடையே மோதல் நிகழக்கூடுமானால், மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல், வெவ்வேறு நிலைகளில், கையெட்டும் நெருக்கத்தில் பறப்போர் எத்தகைய தகுதியைக் கொண்டுவர வேண்டும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. 1987இல் உருவான இந்திய விமானப்படையின் 'ஆகாச கங்கா' குழுவின் பெருமையும் பெரும்பாலும் இந்தக் காட்சிமரபைச் சேர்ந்தது. அந்த மரபு தரும் ஒழுக்கம் கலப்புக் கோலத்துக்கு உறுதியான அடித்தளம். அதன் மேல் எழ வேண்டிய செங்குத்துத் திறன் வேறு பயிற்சியைக் கேட்கிறது. அந்தப் பயிற்சிக்கு ஹைதராபாத்தில் காற்றுச் சுரங்கம் வந்துவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் துபாய் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வசதி வந்ததும் தரம் தானே வந்துவிடாது. தொடக்கத்திலேயே எந்த அளவுகோலை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே இங்கே வளரும் முதல் தலைமுறையின் பழக்கங்கள் அமையும்.

வகைமையையும் எடைபோட வேண்டும். கலப்புக் கோலத்தின் மேல் நியாயமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: கண்கவர் படத்துக்காகச் செய்யப்படுபவை அதிகம், பிடி சேர்ந்த கணம் படமாகிவிட்டால், எத்தனை விநாடி நின்றது, எப்படிப் பிரிந்தது என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் குறை உண்மையானது. ஒருமைக் கோலத்துக்குள்ள புள்ளிமுறையின் கண்டிப்பு இங்கே இன்னும் படியவில்லை. ஆனால் இந்த வகைமை சாதித்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குப்புறப் பறப்போரும் செங்குத்துப் பறப்போரும் தனித்தனி முகாம்களாகிவிட்ட ஒரு விளையாட்டில், ஒருவர் மற்றவரின் காற்றைக் கற்கக் கட்டாயப்படுத்தியது இதுவே. தன் இயல்பை விட்டு நடுநிலத்துக்கு வர இரு தரப்பையும் அது கேட்கிறது. வந்தவர்கள் தம் சொந்த நிலையிலும் சிறந்தவர்களாகத் திரும்புகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு. எண்ணிக்கை நுழைவாயிலாக இருக்கட்டும். 200க்குக் கீழே இந்தப் பேச்சே வேண்டாம். சுரங்க மணிகள் பயிற்சியின் சான்றாக இருக்கட்டும், தகுதியின் சான்றாக வேண்டாம். அவற்றுக்கு மேல், காணொளியில் பதிவாகும் மூன்று சோதனைகள் வேண்டும். தம் நிலையை விடாமல் மணிக்கு 20 கிலோமீற்றர் கூட்டியும் குறைத்தும் பறத்தல்; தொலைவிலிருந்து வந்து, தொடாமல், தொடர்ந்து மூன்று குதிப்புகளில் கோலத்தின் பக்கத்தில் நிற்றல்; நிலை தவறும்போது வேகத்தை விடாமல் விலகுதல். இதற்குச் செலவு அதிகம், பயிற்றுநர் வேண்டும், வசதி குறைந்தவருக்குக் கதவு ஒடுங்கும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். எனினும் மோதலின் செலவைத் தவறியவர் மட்டும் கொடுப்பதில்லை. அவருக்கு மேலே இருந்தவரும் சேர்ந்து கொடுக்கிறார். ஒழுங்கமைப்பாளரின் கண்ணுக்கு இந்த முறை காரணத்தைக் கொடுக்கும். மறுக்கப்பட்டவருக்குத் திருந்தும் வழியைக் காட்டும்.

500 குதிப்பின் பதிவேட்டோடு வருபவரிடம் அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்துக் கேட்க வேண்டியது இது: நீங்கள் கடைசியாக நிலை தவறிய குதிப்பின் காணொளியைக் காட்டுங்கள்.